ஒரே கல்சியம் கால்வாய், அடக்க மூன்று வகை மருந்துகள்

"மோர்பின் தொடங்கிட்டாங்களா? அப்ப இனி அவ்வளவுதான்." மட்டக்களப்பில் புற்றுநோயாளர் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. அந்த மருந்து நரம்புக் கலத்தில் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும்.

நரம்பு முனைக்குள் கல்சியம் நுழைந்தால்தான் வலிச் செய்தி அடுத்த கலத்துக்குப் போகும். அதற்கான முக்கிய வழி, கலச் சவ்வில் கதவு போல இருக்கும் என்-வகைக் கால்வாய் என்ற புரதம்.

மோர்பின் இந்தக் கால்வாயைத் தொடுவதே இல்லை. பக்கத்திலுள்ள, மருந்தைப் பிடிக்கும் புரதமான மியூ ஓபியொயிட் வாங்கியில் ஒட்டுகிறது. உடனே கலத்தின் உட்புறத்தில் செய்தி கடத்தும் ஜி புரதம் பிரிய, அதன் பீட்டா-காமா துண்டு போய்க் கால்வாயைப் பிடித்துக்கொள்ளும். கால்வாய் திறக்கத் தயங்கும், ஆனால் அடைபட்டுப் போகாது. மின்தூண்டல் பலமாக வந்தால் துண்டு கழன்று, கால்வாய் மறுபடி திறக்கும். இதே இயல்பை 1989இல் ஆய்வாளர் புரூஸ் பீன் தவளையின் நரம்புக் கலங்களில், நரம்புகள் சுரக்கும் நோரட்ரினலின் என்ற பொருளை வைத்துக் காட்டினார். எனக்கு மோர்பினில் பிடித்ததே இந்த நெகிழ்வுதான். போதாததற்கு, பொட்டாசியம் கால்வாய்களையும் திறந்து அடுத்த கலத்தை அமைதியாக்குகிறது.

குறையும் அங்கேதான். அதே வாங்கி மூச்சை நடத்தும் மூளைத்தண்டிலும் குடலிலும் இருக்கிறது. அதனால்தான் அளவு மீறினால் மூச்சு அடங்கும், சாதாரண அளவிலேயே மலம் கட்டும். நாள் போகப்போக வாங்கி மந்தமாகி, அளவைக் கூட்டவும் நேரலாம்.

சிக்கொனோடைட் என்ற இரண்டாவது மருந்து நேர் எதிர். கூம்புச் சங்கின் நஞ்சிலிருந்து வந்த, 25 அமினோ அமிலம் கொண்ட இது கால்வாயின் வாயையே அடைத்துவிடும். வாங்கி வேண்டாம், மூச்சும் அடங்காது. அமெரிக்காவில் 2004இல் அனுமதி கிடைத்தது. ஆனால் முள்ளந்தண்டுப் பாய்மத்துக்குள் பம்பி வைத்துச் செலுத்த வேண்டும். மனக்குழப்பம், மாயத்தோற்றம் வரலாம். படுவான்கரையிலிருந்து வாவி கடந்து வரும் ஒரு ஆச்சிக்கு இது எப்படிச் சரிவரும்?

மூன்றாவது வகையான கபாபென்டின், பிரிகபலின் மருந்துகள் இரண்டும் கால்வாயின் துணைப் புரதமான ஆல்பா-2-டெல்டாவில் ஒட்டி, நரம்பு முனைக்கு வந்து சேரும் கால்வாய்களைக் குறைக்கின்றன. சீனி வருத்தக்காரரின் கால் எரிவுக்கு நல்லது. மோர்பினோடு சேர்த்தால் மூச்சைக் கவனிக்க வேண்டும்.

கடும் புற்றுநோய் வலிக்கு என் தெரிவு மோர்பின்தான். தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தரச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள்.