எளிதில் உரியும் ஆரஞ்சுகளில் எதை வாங்கலாம்?

சீனப் புத்தாண்டை ஒட்டிச் சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் குவியும் சிறு ஆரஞ்சுகளில், தோல் தளர்ந்து சற்றே உப்பலாக இருக்கும் பொங்கானையே நான் முதலில் தேடுவேன். காம்பருகே கட்டைவிரலை அழுத்தினாலே தோல் சுளையை விட்டு விலகிவிடும், மணமும் நிறைவாக இருக்கும். ஆனால் விதைகள் உண்டு, நாள்பட்டால் சுளை வறண்டு சக்கையாகிவிடும் என்பதால், கையில் எடுக்கும்போது கனமாக உள்ள பழத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஜப்பானின் சத்சுமாவில் பெரும்பாலும் விதையே இருப்பதில்லை, சுளையின் சவ்வும் மிக மெல்லியது. ஆதலால் குழந்தைகளுக்கும் பல் வலுவிழந்த பெரியவர்களுக்கும் இதையே பரிந்துரைப்பேன். கிளமெண்டைன் இனிப்பில் குறைவில்லை எனினும், தோல் சற்று இறுக்கமானது.

காம்புப் பக்கம் குமிழ்போல் புடைத்திருக்கும் டெக்கோபான், கியோமி என்னும் ஜப்பானியக் கலப்பின ஆரஞ்சையும் பொங்கானையும் இணைத்து 1972இல் நாகசாகியில் உருவாக்கப்பட்ட வகை. ஜப்பானில் இனிப்பளவு குறைந்தது 13 பிரிக்ஸை (சாற்றிலுள்ள சர்க்கரையை அளக்கும் அலகு) எட்டிய பழத்துக்கே அப்பெயரைச் சூட்டுகிறார்கள். விலை அதிகம்தான், ஆயினும் சாறு ததும்பும் அந்தப் பெரிய சுளைகளின் தித்திப்பும், அதனூடே வரும் இலேசான புளிப்பும் வேறெந்த வகையிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரே பழத்தை இருவர் தாராளமாகப் பகிர்ந்துண்ணலாம்.