எச்சரிக்கை: பழைய ஹெட்போனைச் சீரமைக்கக் கொடுத்தேன், வலது டிரைவர் திரும்பி வரவில்லை

பழைய பிளானர் மேக்னடிக் ஹெட்போனை யாரிடமாவது சீரமைக்க அனுப்பப் போகிறீர்கள் என்றால், பெட்டியை ஒட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னுடைய யமஹா எச்பி-1 ஹெட்போனின் வலது டிரைவரை, அதாவது மின்சாரத்தை ஒலியாக்கும் பாகத்தை, ஒருவர் கழற்றி எடுத்துக்கொண்டார். அதன் இடத்தில் மலிவான சாதாரண டிரைவர் ஒன்றைப் பொருத்தி, சுற்றிலும் களிமண் அப்பித் திருப்பி அனுப்பினார். நான்கு மாதம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மை தெரிந்தபோது பணத்தைத் திரும்பக் கோரும் கெடு முடிந்து நெடுநாள் ஆகியிருந்தது.

அந்த ஹெட்போன் என் மாமா எனக்குக் கொடுத்தது. 1976-ல் வந்த மாடல் அது. இத்தாலிய வடிவமைப்பாளர் மாரியோ பெல்லினி வடிவம் கொடுத்தது. பிளானர் மேக்னடிக் வகையைச் சேர்ந்த, ‘ஆர்த்தோடைனமிக்’ என்று யமஹா பெயர் வைத்த அந்த டிரைவரின் அமைப்பை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 12 மைக்ரான் தடிமனே உள்ள பிளாஸ்டிக் படலம். அதன் மேல் சுருள் வடிவில் பதித்த உலோகத் தடம். இருபுறமும் துளையிட்ட காந்தத் தட்டுகள். சாதாரண டிரைவரில் கூம்பின் நடுவில் ஒட்டிய கம்பிச் சுருள்தான் கூம்பைத் தள்ளும். இங்கே மின்சாரம் படலத்தின் பரப்பு முழுவதும் ஓடுவதால் படலம் முழுவதும் ஒன்றாக அசைகிறது. மாமா இரவுகளில் கண்ணை மூடிக்கொண்டு வீணை கேட்பார். மீட்டிய தந்தியின் அதிர்வு கடைசித் துளி வரை காதில் கரைவதை அவர்தான் எனக்குக் காட்டினார்.

எச்பி-1-இன் டிரைவர்களை இப்போது யாரும் செய்வதில்லை. ஒன்று போனால், இன்னொரு பழைய ஹெட்போனைப் பலி கொடுத்துத்தான் அதை ஈடுகட்ட முடியும். நான் இழந்தது என்ன என்று புரிய இது தெரிந்திருக்க வேண்டும்.

என் ஹெட்போனில் இருந்த கோளாறு சிறியது. காது மெத்தைகள் இறுகி வெடித்திருந்தன. உள்ளே இருந்த நுரைப்பஞ்சு மக்கி, தொட்டால் பிசுபிசுக்கும் தூளாகியிருந்தது. வலது பக்கம் தாழ்ந்த சுரங்கள் வரும்போது லேசான கரகரப்பு. பழைய பிளானர்களில் இது எல்லோரும் அறிந்த நோய். மக்கிய நுரைத்தூள் காந்தத் துளைகள் வழியாக இறங்கிப் படலத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. படலம் பெரிதாக அசையும்போது தூளும் சேர்ந்து துள்ளுகிறது. பொறுமையாகச் சுத்தம் செய்தால் தீரக்கூடியது. ஆனால் இரண்டு காந்தத் தட்டுகளும் ஒன்றையொன்று விலக்கும்படி எதிரெதிரே வைக்கப்பட்டவை. திருகுகளைத் தவறாகத் தளர்த்தினால் தட்டு நழுவிப் படலம் கிழியும். அருகில் ஓர் இரும்புத்தூள் கிடந்தாலும் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பயத்தில்தான் கைதேர்ந்தவர் ஒருவரிடம் கொடுப்போம் என்று முடிவு செய்தேன்.

அனுப்புவதற்கு முன் இரண்டு காரியங்கள் செய்தேன். பிளக்கில் மல்டிமீட்டரை வைத்து அளந்தேன். இடது 148 ஓம், வலது 149 ஓம். யமஹா அறிவித்த மின்மறுப்பு (ஒலிச் சைகைக்கு எதிரான தடை) 150 ஓம், பிளானரில் மின்தடையும் ஏறக்குறைய அதுவே என்பதால், இரண்டு தடங்களும் அறுபடாமல் நல்ல நிலையில் இருக்கின்றன என்று அர்த்தம். பிறகு கப்புகளை (காதை மூடும் கூடுகளை) திறந்து டிரைவர்களின் பின்புறத்தைப் படம் எடுத்தேன். மாமா எப்போதோ சுத்தம் செய்யக் கழற்றியவர், மாறிவிடக் கூடாது என்று காம்பஸ் முள்ளால் சாலிடர் முனைக்குப் பக்கத்தில் இடதில் ‘இ’ என்றும் வலதில் ‘வ’ என்றும் கீறி வைத்திருந்தார். ‘வ’வின் வால் கொஞ்சம் நீண்டு விளிம்பைத் தொட்டிருக்கும்.

சீரமைப்பவரைத் தேர்ந்தெடுத்ததில்தான் பிழை செய்தேன். அவர் காட்டிய படங்கள் எல்லாம் வெளித்தோற்றங்கள். பளபளக்கும் கப், புதுத் தோல், புதுக் கேபிள். திறந்த டிரைவரின் படம் ஒன்றுகூட இல்லை. அது அப்போது உறுத்தவில்லை. தொலைபேசியில் 148, 149 என்று அளவுகளைச் சொன்னேன். “அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் சார்” என்றார். கரகரப்பு எந்தச் சுரத்தில் வருகிறது, தட்டினால் மாறுகிறதா, எப்போது தொடங்கியது என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பொருளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, “முழுச் சீரமைப்போடு மேம்படுத்தலும் செய்துவிடலாம், பேஸ் (தாழ்ந்த ஒலி) இரண்டு மடங்காகும்” என்றார். பழைய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டதற்கு, “மக்கிய பஞ்சை வைத்து என்ன சார் செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்டார். பதில் நியாயமாகத்தான் தோன்றியது. பாதிப் பணத்தை முன்பணமாக அனுப்பினேன்.

ஆறு வாரம் கழித்து வந்தது. பார்க்க அழகு. புதுத் தோல் மெத்தை, சுத்தமான பட்டை, துடைத்த கப்புகள். அன்றே மல்டிமீட்டரை வைத்தேன். இடது 148, வலது 151. நிம்மதியாக மீதிப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

ஒலியில் ஏதோ சரியில்லை. இடது காதில் மிருதங்கத்தின் தொப்பி தனியாக, வரம்போடு கேட்டது. வலது காதில் அதே ஓசை ஊதிப் பெருத்து, குடத்துக்குள் இருந்து வருவது போல் இருந்தது. மேல் சுரங்களில் ஒரு பூச்சு. அழைத்துச் சொன்னேன். “புது டேம்பிங் (அதிர்வை அடக்கும் பூச்சு) சார், காது பழக வேண்டும். நூறு மணி நேரம் ஓடவிடுங்கள், அதற்குள் திறக்காதீர்கள், திறந்தால் சீல் போய்விடும்” என்றார். நூறு மணி நேரம் ஓடவிட்டேன். மறுபடி அழைத்தேன். இன்னும் நூறு என்றார். இந்த இடத்தைக் கவனியுங்கள். புகார் செய்யும் கெடு கடந்து போகும் வரை நம்மைக் காக்கவைக்கும் வழி இது. சீரமைத்த பிளானர் சரியாக ஒலிக்கிறதா என்பது முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இடமும் வலமும் வேறுவேறாக ஒலித்தால் எத்தனை மணி நேரம் ஓடவிட்டாலும் அது சரியாகப் போவதில்லை.

விஷயத்தை வெளியே கொண்டுவந்தது ஒரு குண்டூசி. மேசையில் கிடந்த ஊசி, ஹெட்போனை எடுத்தபோது இடது கப்பின் சல்லடையில் போய் ஒட்டிக்கொண்டது. அதை எடுத்து வலது பக்கம் காட்டினேன். ஒட்டவில்லை. சல்லடையின் ஓரங்களில் இழுப்பே இல்லை, நடுவில் மட்டும் மெல்லிய சாய்வு. பிளானரில் காந்தம் வட்டம் முழுவதும் பரந்து இருக்கும். நடுவில் மட்டும் இழுத்தால் அது வேறு வகை டிரைவர்.

நம்ப மனம் வரவில்லை. கணினியோடு ஒரு ரெசிஸ்டரை (மின்தடைப் பாகத்தை) இணைத்து, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை இரு பக்கங்களின் மின்மறுப்பையும் வரைந்து பார்த்தேன். பிளானரின் மின்மறுப்பு ஏறக்குறைய அதன் தடத்தின் மின்தடை மட்டுமே. அதனால் அதன் கோடு ஏறக்குறைய தட்டையாக இருக்க வேண்டும். இடது பக்கம் அப்படித்தான் இருந்தது. வலது பக்கம் 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று அருகில் ஒரு குன்று எழுந்து இறங்கியது. கம்பிச் சுருள் டிரைவரின் கையெழுத்து அது.

கப்பைத் திறந்தேன். முதலில் வந்தது களிமண். விரல் தடிமனில், ஓரமெல்லாம் அழுத்தி அப்பியிருந்தது. அதைக் கத்தி முனையால் பெயர்த்து எடுக்க அரை மணி நேரம் ஆனது. அடியில் நான்கு செண்டிமீட்டர் அகலத்தில் ஒரு சாதாரண பிளாஸ்டிக் டிரைவர், சூடான பசையால் ஒட்டப்பட்டிருந்தது. அதன் ஒரு முனையில், கறுப்புக் குழாய்க்குள் மறைத்து, 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. சாமர்த்தியம் எல்லாம் அந்த ரெசிஸ்டரில்தான். டிரைவரின் சொந்த மின்தடை முப்பதைச் சொச்சம். 120-ஐத் தொடரில் சேர்த்தால் 151. என் மல்டிமீட்டர் ஏமாந்தது அப்படித்தான். சாதாரண டிரைவர் பிளானரைவிட அதிகச் சத்தம் போடும். அதையும் ரெசிஸ்டர் அடக்கி இடது பக்கத்துக்குச் சமமாக்கிவிட்டது. ஆனால் மின்மறுப்பு குன்றாக எழும் இடத்தில் டிரைவருக்குப் போகும் மின்னழுத்தமும் கூடும். வலது காதில் நான் கேட்ட ஊதல் அதுதான். கப்பின் எடை குறைந்து தெரியாமல் இருக்கக் களிமண். இதைச் செய்தவருக்கு வேலை தெரியும். தெரிந்த வேலையை இதற்குப் பயன்படுத்தினார் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

படங்களோடு எழுதினேன். முதல் நாள், “நீங்கள் அனுப்பியதே அப்படித்தான் இருந்தது” என்றார். நான் முன்பே எடுத்த படத்தை அனுப்பினேன். “அந்த டிரைவர் சுத்தம் செய்யும்போது கிழிந்துவிட்டது, உங்களை வருத்தப்படுத்த வேண்டாம் என்று மாற்றினேன்” என்று கதை மாறியது. கிழிந்ததையாவது அனுப்புங்கள் என்றேன். “குப்பையில் போட்டுவிட்டேன்.” அதற்குப் பிறகு என் அழைப்புகளை எடுக்கவில்லை. கிழிந்தது உண்மையாகவே இருக்கலாம். யார் கையிலும் கிழியலாம். கிழித்தவுடன் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், ஆனால் இப்படி எழுதியிருக்க மாட்டேன்.

களிமண்ணையே சந்தேகிக்க வேண்டாம். கப்பின் சுவரில் மெல்லிய களிமண் அடுக்கு பூசி அதன் சொந்த அதிர்வை அடக்குவது நல்ல, பழகிய முறை. டிரைவரின் பின்னால் ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) வைப்பதும், மெத்தையின் ஓரக் கசிவை அடைப்பதும் அப்படித்தான். பிளானரில் தாழ்ந்த சுரங்கள் மெத்தை காதைச் சுற்றி எவ்வளவு இறுக்கமாகப் படிகிறது என்பதை நம்பியிருப்பதால், நல்ல மெத்தை ஒன்றே பாதி மேம்படுத்தல். ஆனால் இவை எல்லாம் மறுபடி கழற்றக்கூடியவையாக இருக்க வேண்டும். டிரைவரின் பின்புறத்தை முழுக்க மூடி, “திறக்காதீர்கள்” என்று ஒருவர் சொன்னால் அன்றே திறந்துவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன் டிரைவரின் மேல் உங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளம் ஒன்றை இடுங்கள், அதைப் படம் எடுங்கள். வேலையின் நடுவில் திறந்த நிலையில் இரண்டு பக்கப் படமும் வேண்டும் என்று முன்பே எழுத்தில் வாங்குங்கள். மக்கிய பஞ்சாக இருந்தாலும், கிழிந்த படலமாக இருந்தாலும், கழற்றிய எல்லாம் திரும்ப வர வேண்டும். மல்டிமீட்டரை மட்டும் நம்பி மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள். குண்டூசியை நூலில் கட்டி, சல்லடையின் ஓரத்தில் இரு பக்கமும் காட்டிப் பாருங்கள். மூடிய சல்லடைக்கு வெளியே மட்டும். திறந்த டிரைவருக்குப் பக்கத்தில் இரும்பைக் கொண்டுபோகவே கூடாது.

இடது டிரைவர் இப்போது என் மேசையில், பருத்தித் துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் இருக்கிறது. மாமாவின் ‘இ’ அப்படியே இருக்கிறது. பழைய எச்பி-1 ஒன்றையோ தனி டிரைவரையோ நீங்கள் வாங்கினால், அல்லது யாராவது விற்பதைப் பார்த்தால், பின்புறம் சாலிடர் முனைக்குப் பக்கத்தில் பாருங்கள். விளிம்பு வரை வால் நீண்ட ஒரு ‘வ’ அங்கே கீறியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த விலைக்கே வாங்கிக்கொள்கிறேன்.