சூப்பர் விசாவும் கட்டாய மருத்துவக் காப்பீடும்: கனடாவில் மகன் வீட்டில் வாழ்ந்து பார்த்த பிறகு

கனடாவின் குடிமக்களாகவோ நிரந்தர வசிப்பாளர்களாகவோ இருப்பவர்களின் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் வழங்கப்படும் சூப்பர் விசா 2011 டிசம்பரில் தொடங்கியது. 10 ஆண்டுகள் வரை பலமுறை வந்துபோக இடமளிக்கும் இந்த விசாவில், ஒரு வருகையில் 2 ஆண்டுகள் தங்கலாம் என்று முதலில் இருந்ததை, 2022 ஜூலை 4 முதல் 5 ஆண்டுகளாக உயர்த்தினார்கள். விண்ணப்பத்துடன் கேட்கப்படும் பிள்ளையின் வருமானச் சான்று, அழைப்புக் கடிதம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் விசா கையில் வந்ததும் கோப்புக்குள் போய்விடும். மருத்துவக் காப்பீடு மட்டும் அப்படிப் போவதில்லை. திருச்சியில் பணி ஓய்வு பெற்ற நானும் என் கணவரும் ஒன்டாரியோ மாகாணத்து ஸ்கார்பரோவில் மகன் குடும்பத்தோடு சில ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறோம். இந்தக் காலத்தில் காப்பீடு எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிரித்தது என்பதை, இனி வரவிருக்கும் பெற்றோருக்கும் அவர்களுக்காகப் பாலிசி எடுக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

அரசு கேட்பது சுருக்கமானது. குறைந்தது 1,00,000 கனடிய டாலர் காப்புத்தொகை. நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஓர் ஆண்டு செல்லுபடி. மருத்துவச் சிகிச்சை, மருத்துவமனையில் தங்குதல், தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்புதல் ஆகிய மூன்றுக்கும் காப்பு. விலை கேட்டு வாங்கிய மதிப்பீட்டுத் தாள் போதாது. முழுத்தொகையையோ, முன்பணத்துடன் தவணையையோ கட்டிய ரசீது வேண்டும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் எல்லை அதிகாரி கேட்டால் பாலிசியைக் காட்ட வேண்டும். நாங்கள் முதலில் வந்தபோது கனடிய நிறுவனத்தின் பாலிசி மட்டுமே ஏற்கப்பட்டது. 2025 ஜனவரி 28 முதல் வெளிநாட்டு நிறுவனங்களின் பாலிசியும் ஏற்கப்படுகிறது என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, சென்னையிலேயே பயணக் காப்பீடு வாங்கிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நிறுவனம் கனடாவின் நிதி நிறுவனக் கண்காணிப்பு அலுவலகத்தின் அனுமதி பெற்றதாகவும், பாலிசி அதன் கனடிய வணிகத்தின் பகுதியாக வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் படித்தால், விமான டிக்கெட்டோடு சேர்த்து விற்கப்படும் சாதாரணப் பயணக் காப்பீடு இதற்கு ஆகாது என்பது விளங்கும்.

ஒன்டாரியோவில் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கு ஓஹிப் என்ற மாகாணக் காப்பீடு உண்டு. எத்தனை ஆண்டு தங்கினாலும் சூப்பர் விசாக்காரர்களுக்கு அது கிடையாது. கொரோனா காலத்தில், 2020 மார்ச்சிலிருந்து, காப்பீடே இல்லாதவர்களின் மருத்துவமனைச் செலவையும் மாகாண அரசு ஏற்றுக்கொண்டிருந்தது. அந்த ஏற்பாடு 2023 மார்ச் 31 உடன் முடிந்துவிட்டது. அந்தக் காலத்தில் வந்துபோன உறவினர்கள் சிலர் இன்னமும், மருத்துவமனைக்குப் போனால் சும்மா பார்ப்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதை நம்பிப் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட வேண்டாம்.

வாங்கும்போது எல்லாரும் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது ஏற்கெனவே உள்ள நோய்களைப் பற்றிய பகுதியை. அந்த நோய்களை அடியோடு ஒதுக்கிவிடும் திட்டம் ஒன்று, நோய் 'ஸ்டேபிள்' ஆக, அதாவது நிலையாக இருந்தால் ஏற்கும் திட்டம் மற்றொன்று என்று இரண்டு வகை விற்கிறார்கள். இரண்டாவதன் பிரீமியம் கணிசமாகக் கூடுதல். விசா அதிகாரிக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு லட்சம் டாலர், ஓர் ஆண்டு என்ற இரண்டு வரியும் இரண்டிலும் இருக்கின்றன. ஆகவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒருவர், அவற்றால் வரும் எதற்கும் காசு தராத பாலிசியைக் காட்டியே சட்டப்படி உள்ளே வந்துவிட முடியும். இந்த விதிமுறையின் பெரிய ஓட்டை என்று நான் கருதுவது இதைத்தான்.

எங்கள் பாலிசியில் ஸ்டேபிள் என்பதற்கான விளக்கம் ஒரு பக்கத்தை நிறைத்திருந்தது. பாலிசி தொடங்கும் நாளுக்கு முந்தைய 180 நாட்களில் புதிய மருந்து கூடாது, மருந்தின் அளவில் மாற்றம் கூடாது, புதிய அறிகுறி கூடாது, மருத்துவமனையில் சேர்ந்திருக்கக் கூடாது, முடிவு வராத பரிசோதனையோ வேறு மருத்துவரிடம் அனுப்பிய பரிந்துரையோ நிலுவையில் இருக்கக் கூடாது. இந்தக் கெடு நிறுவனத்துக்கு நிறுவனம், வயதுக்கு வயது மாறும். 90 நாள், 120 நாள் என்றும் உண்டு. இதயநோய்க்கு நைட்ரோகிளிசரின் மாத்திரை எடுப்பவர்களுக்கும், நுரையீரல் நோய்க்கு ஆக்சிஜனோ ஸ்டீராய்டு மாத்திரையோ தேவைப்பட்டவர்களுக்கும் தனி விலக்குகள் இருக்கின்றன. புரோக்கர் தொலைபேசியில் "பி.பி., சுகர் எல்லாம் கவர் ஆகும் அம்மா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அந்தப் பக்கத்தைப் படிப்பவர் நாம்தான்.

நல்ல அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு குளிர்காலக் காலையில் வாசற்படிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடிபோல் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்து என் இடது மணிக்கட்டு முறிந்தது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருந்தால் ஓஹிப் இல்லாதவர்களுக்கு 240 டாலர். மகன் காரிலேயே அழைத்துப்போனான். வழியிலேயே மருமகள் பாலிசி அட்டையின் பின்புறமுள்ள 24 மணி நேர உதவி எண்ணை அழைத்து ஒரு கேஸ் நம்பர் வாங்கிவிட்டாள். இது மிக முக்கியம். சிகிச்சைக்கு முன்போ, முடியாவிட்டால் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள்ளோ சொல்லாவிட்டால், கிளெய்ம் தொகையில் ஒரு பங்கை வெட்டிவிடும் விதி பல பாலிசிகளில் இருக்கிறது. எமர்ஜென்சியின் பதிவு மேசையில் முதல் கேள்வியே ஹெல்த் கார்டு, அதாவது ஓஹிப் அட்டை, எங்கே என்பதுதான். இல்லை என்றதும், கட்டணத்துக்கு நாங்களே பொறுப்பு என்ற தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மருத்துவமனைக் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் நேரடியாகத் தீர்த்தது. ஆனால் இங்கே மருத்துவமனையின் பில் வேறு, மருத்துவரின் பில் வேறு. எக்ஸ்ரே படத்தைப் படித்துச் சொன்ன மருத்துவரின் பில், மாவுக்கட்டே பழகிப்போன பிறகு தபாலில் வந்தது. அதையும் நாங்கள் கட்டி, ரசீதை அனுப்பி, திரும்பப் பெற்றோம். டிடக்டிபிள், அதாவது நிறுவனம் கொடுக்கத் தொடங்கும் முன் நம் கையிலிருந்து போகும் தொகை, என்று நாங்கள் ஏற்றுக்கொண்டிருந்த 500 டாலர் போக மீதி அனைத்தும் வந்து சேர்ந்தது. கட்டைப் பார்க்க மறுபடி போன ஒவ்வொரு முறையும் முன்அனுமதி கேட்க வேண்டியிருந்தது என்பதைத் தவிர எனக்குக் குறையில்லை.

தாமதமானது ஓர் இடத்தில்தான். எலும்புத் தேய்மானத்துக்கு நான் முன்பே சிகிச்சை பெற்றவளா என்று அறிய, என் குடும்ப மருத்துவரின் பதிவேடுகளை அனுப்பச் சொன்னார்கள். இந்த நாட்டில் நோயாளியின் வரலாறு மருத்துவரின் அலுவலகத்தில் இருக்கும். நம் ஊரில் அது நம் வீட்டுப் பீரோவில், பிளாஸ்டிக் பையில், ஸ்கேன் படங்களோடும் மருந்துக் கடைச் சீட்டுகளோடும் இருக்கும். திருச்சி மருத்துவர் தங்கமானவர். ஆனால் அவரிடம் என்னைப் பற்றிய ஒரு தாள்கூடக் கிடையாது. கடைசியில் அவருடைய லெட்டர்ஹெட்டில் ஒரு சான்று எழுதி வாங்கி, பழைய சீட்டுகளையும் படமெடுத்து அனுப்பினோம். புறப்படுவதற்கு முன்பே, எந்த மருந்து எந்தத் தேதியிலிருந்து எந்த அளவில் என்று தட்டச்சுச் செய்து, மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொண்டால் இந்த அலைச்சல் இருக்காது.

அடுத்தது கசப்பான அனுபவம். என் கணவருக்கு ரத்த அழுத்தம் நன்றாகக் கட்டுக்குள் இருந்ததால், புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு மருத்துவர் டெல்மிசார்டன் மாத்திரையை 80 மில்லிகிராமிலிருந்து 40 ஆகக் குறைத்திருந்தார். இங்கே வந்து சில மாதங்கள் கழித்து ஒரு மாலை அவருக்குத் தலை சுற்றி, நிற்க முடியாமல் சாய்ந்துவிட்டார். எமர்ஜென்சியில் இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, தலைக்கு ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பெரிதாக ஒன்றுமில்லை என்று அன்றிரவே அனுப்பிவிட்டார்கள். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. 180 நாள் கெடுவுக்குள் மருந்தின் அளவு மாறியிருக்கிறது, ஆகவே ரத்த அழுத்தம் ஸ்டேபிள் அல்ல என்பதே காரணம். நோய் குறைந்ததால் மருந்தைக் குறைத்ததும் மாற்றம்தானா என்று மகன் எழுதிக் கேட்டதற்கு, 'கூட்டினாலும் குறைத்தாலும்' என்ற சொற்களுக்குக் கீழே கோடிட்டு அந்தப் பக்கத்தையே திருப்பி அனுப்பினார்கள். நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்தும் முடிவு மாறவில்லை. அவர்களின் இறுதி நிலைப்பாட்டைச் சொல்லும் கடிதத்தை வாங்கிக்கொண்டு, ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் புகார்களைக் கட்டணமின்றி விசாரிக்கும் குறைதீர் அமைப்புக்கு எடுத்துச் செல்லும் வழியும் இந்த நாட்டில் உண்டு. பாலிசி வாசகம் அத்தனை வெளிப்படையாக இருந்ததால் நாங்கள் அத்துடன் நிறுத்திக்கொண்டோம். வாசகப்படி அவர்கள் சரி. அந்த வாசகமே நியாயமா என்று கேட்டால், உடல் தேறியவரைத் தண்டிக்கும் விதி என்றுதான் சொல்வேன்.

இந்தக் காப்பீடு அவசரச் சிகிச்சைக்கு மட்டுமே. மாதாந்திரப் பரிசோதனை, சர்க்கரை அளவு பார்ப்பது, கண்புரை அறுவை, காத்திருக்கக்கூடிய எந்தச் சிகிச்சையும் இதில் வராது. வயதானவர்களின் அன்றாடத் தேவையோ பெரும்பாலும் இவைதான். சொந்த உபயோகத்துக்கு 90 நாட்களுக்கு மேல் மருந்து கொண்டுவர கனடா அனுமதிப்பதில்லை. அதுவும் மருந்துக் கடை தந்த உறையிலோ, விற்பனைக்கு வந்த அசல் அட்டையிலோ, என்ன மருந்து என்று காட்டும் அசல் அடையாளச் சீட்டோடோ இருக்க வேண்டும். ஆகவே மூன்று மாதம் கழிந்ததும் முன்பதிவின்றிப் போகக்கூடிய வாக்-இன் கிளினிக்கில் கைக்காசு கொடுத்து மருந்துச் சீட்டு வாங்கியாக வேண்டும். நம் ஊரில் ஒரே மாத்திரையாகக் கிடைக்கும் கூட்டு மருந்துகள் சிலவற்றை இங்கே தனித்தனியாகத்தான் தருகிறார்கள். இந்த மாற்றம் ஸ்டேபிள் விதியைப் பாதிக்குமா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்திருக்கிறோம்.

தாய்லாந்தில் ஓய்வு பெற்றோருக்கான ஓ-ஏ விசாவுக்கு 2019 அக்டோபர் 31 முதல் காப்பீட்டைக் கட்டாயமாக்கியபோது, உள்நோயாளிச் சிகிச்சைக்கு 4,00,000 பாட், புறநோயாளிச் சிகிச்சைக்கு 40,000 பாட் என்று இரண்டுக்கும் தனித்தனியே குறைந்தபட்ச வரம்பு வைத்தார்கள். கனடா அந்தப் புறநோயாளி வரம்பைப் பற்றியே பேசவில்லை. மருத்துவமனையில் பெரிய பில் ஏறினால் அது தன் தலையில் விழக் கூடாது என்பதே இங்கே அரசின் கவலை. அந்தக் கவலையில் தவறில்லை. வரிகட்டாத எங்கள் செலவை வரிகட்டும் அண்டை வீட்டார் ஏன் சுமக்க வேண்டும்? ஆனால் இதை நம் உடல்நலத்துக்கான ஏற்பாடு என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. அன்றாட மருத்துவத்துக்கென்று மாதம் ஒரு தொகையை அவர்கள் தனியே ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

புதுப்பித்தல்தான் எனக்கு இதில் ஆகப் பெரிய உறுத்தல். தங்குவதோ 5 ஆண்டு, பாலிசியோ ஓர் ஆண்டு. ஒவ்வொரு புதிய பாலிசியும் தன் தொடக்க நாளிலிருந்து பின்னோக்கி 180 நாளை மறுபடியும் எண்ணுகிறது. சென்ற ஆண்டு புதிதாக வந்த நோய், இந்த ஆண்டு ஏற்கெனவே உள்ள நோயாகிவிடும். அதே நிறுவனத்தில் தொடர்ந்தாலும் இதில் சலுகை கிடைக்கவில்லை. வயது ஏற ஏற பிரீமியம் கூடுவதையாவது எதிர்பார்த்திருந்தோம். காப்பின் எல்லை ஆண்டுதோறும் சுருங்கும் என்பதை எந்தப் புரோக்கரும் தானாகச் சொல்லவில்லை.

பணம் திரும்பக் கிடைக்கும் விதிகள் மட்டும் பரவாயில்லை. விசா மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். கிளெய்ம் எதுவும் செய்யாமல் முன்கூட்டியே ஊர் திரும்பினால், மிச்ச நாட்களுக்கான பிரீமியம் சிறு கட்டணம் போகத் திரும்புகிறது. நான் கிளெய்ம் செய்திருந்ததால் எனக்குக் கிடைக்கவில்லை. தவணை முறையில் கட்டுபவர்கள், ஒரு தவணை தவறினாலும் காப்பு நின்றுவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். டிடக்டிபிளை உயர்த்தினால் பிரீமியம் நன்றாகக் குறையும். ஆனால் அதை ஆயிரக்கணக்கில் ஏற்றி வைத்தால், சாதாரண எமர்ஜென்சி வருகை முழுவதும் நம் கையிலிருந்துதான் போகும்.

இப்போது என் கணவருக்குக் கண்புரை அறுவை தேவைப்படுகிறது. இங்கே அது காப்புக்குள் வராது என்பதால் திருச்சிக்குப் போகிறோம். அறுவைக்குப் பின் போடும் சொட்டு மருந்தும் புதிய மருந்தாகக் கணக்கில் வரும் என்பதால், அது முடிந்து 180 நாள் கழிந்த பிறகே திரும்பும் தேதியை வைத்திருக்கிறோம். பழைய பாலிசி அதற்குள் முடிந்துவிடும். மறுபடி நுழையும்போது முழு ஓராண்டுக்குப் புதியது வேண்டும். விமான டிக்கெட் உறுதியானதும் எடுத்தால் போதும், அதற்குள் தேதி தள்ளிப்போனாலும் தொடக்க நாளைக் கட்டணமின்றி மாற்றித் தருவோம் என்று நிறுவனம் எழுத்தில் கொடுத்திருக்கிறது.