ராஜப்பாவா, வேலுவா? இரண்டு பில்லாக்களை அடுத்தடுத்துப் பார்த்தபோது

பழைய படங்களைத் திரும்ப எடுக்கலாமா கூடாதா என்று யார் பேச ஆரம்பித்தாலும் ஐந்தே நிமிடத்தில் பேச்சு 'பில்லா'வில் வந்து நிற்கும். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். சித்தப்பாவுக்கு 1980 பில்லா, அவர் மகனுக்கு 2007 பில்லா. ஆனால் மற்றவருடைய பில்லாவை இருவருமே முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை என்பது போன மாதம்தான் தெரியவந்தது. சரி என்று சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று எனப் போட்டுப் பார்த்துவிட்டோம்.

முதலில் ஒரு விஷயம். ரஜினி நடித்ததுதான் ஒரிஜினல், அஜித் நடித்தது ரீமேக் என்று சித்தப்பா சொல்வதை ஒத்துக்கொள்ள முடியாது. இரண்டுமே ரீமேக்தான். சலீம்-ஜாவேத் எழுதி, சந்திரா பாரோட் இயக்கி, அமிதாப் பச்சன் நடித்த 'டான்' 1978இல் வந்தது. அடுத்த வருடமே தெலுங்கில் என்.டி.ஆர். 'யுகந்தர்' ஆனார். தமிழில் கே. பாலாஜி தயாரித்து, ஆர். கிருஷ்ணமூர்த்தி இயக்கி, 1980 ஜனவரி 26இல் பில்லா திரைக்கு வந்துவிட்டது. இந்தி டானில் ஆடிய ஹெலனையே தமிழிலும் அதே வேடத்தில் ஆட வைத்தார்கள். இவ்வளவு நெருக்கமான ரீமேக்கைத்தான் நாம் கிளாசிக் என்று நாற்பது வருடத்துக்கு மேல் கொண்டாடுகிறோம். அதனால் ரீமேக் என்றாலே மட்டம் என்ற வாதம் இங்கே எடுபடாது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடத்தல்காரன் பில்லா செத்துப்போகிறான். விஷயத்தை அமுக்கிவிட்டு, அவன் ஜாடையில் இருக்கும் ஓர் அப்பாவியைக் கூட்டத்துக்குள் அனுப்புகிறார் ஒரு போலீஸ் அதிகாரி. 1980இல் அந்த அப்பாவி ராஜப்பா, 2007இல் சரவண வேலு. என் பார்வையில் இரண்டு படங்களுக்கும் உள்ள முழு வித்தியாசமும் இங்கேதான் இருக்கிறது. ரஜினி படம் ராஜப்பாவின் படம். அஜித் படம் பில்லாவின் படம்.

ரஜினியின் பில்லாவிடமும் ஸ்டைலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவன் செத்த பிறகுதான் படம் சூடு பிடிக்கிறது. ராஜப்பா வந்ததும் ரஜினியின் உடம்பே வேறாகிவிடுகிறது. தோள் தளர்ந்து, கை நிற்காமல் ஆடி, பேச்சில் ஒரு இழுப்பு வருகிறது. பில்லாவாக நடிக்க வேண்டிய காட்சிகளில் கோட்டுக்குள்ளே இருப்பது ராஜப்பாதான் என்பதை நாம் ஒரு நொடிகூட மறப்பதில்லை. கூட்டாளிகள் சூழ்ந்திருக்க, நினைவு தப்பியவன் போல அவன் ஒவ்வொரு முகமாகப் பார்க்கும்போது, மாட்டிக்கொள்வானோ என்று நமக்கு அடிவயிறு கலங்குகிறது. உண்மை தெரிந்த ஒரே ஆளான டி.எஸ்.பி. இறந்ததும் சித்தப்பா, "போச்சு, இனி இவனை யார் நம்புவா?" என்றார். எத்தனை தடவை பார்த்த படம்! அப்படியும் அந்தப் பதற்றம் அவருக்கு வருகிறது.

2007இல் விஷ்ணுவர்தன் வேறு கணக்குப் போட்டிருக்கிறார். கதையை மலேசியாவுக்குக் கொண்டு போய்விட்டார். நீரவ் ஷாவின் கேமராவில் கறுப்பு கோட்டு, கறுப்புக் கண்ணாடி, கண்ணாடிக் கட்டடங்கள். யுவனின் தீம் இசை ஓட அஜித் சும்மா நடந்து வந்தாலே போதும், அதுவே ஒரு காட்சியாகிவிடுகிறது. தமிழில் அதற்கு முன்னால் இவ்வளவு கட்டுக்கோப்பாக ஒரு கேங்ஸ்டர் படத்தை நான் பார்த்ததில்லை. பழைய படத்தில் தேங்காய் சீனிவாசன் செய்த, பிள்ளைகளைப் பிரிந்து தவிக்கும் அப்பா ஜே.ஜே. பாத்திரத்தையும் தூக்கிவிட்டார்கள். அது சரியான முடிவு. தேங்காய் அதில் சிரிப்பை ஓரமாக வைத்துவிட்டு உருக்கமாக நடித்திருப்பார், ஆனால் அந்தக் கிளைக்கதை படத்தின் வேகத்தைக் கெடுத்தது உண்மை. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவே இதை ஒத்துக்கொண்டார்.

ஆனால் வேலு? பத்துமலை முருகன் கோயிலில் 'சேவல்கொடி' பாட்டோடு அவன் அறிமுகமாகும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன். கதை மலேசியாவில் நடப்பதற்கு இதுதான் உண்மையான காரணம் என்று தோன்றியது. வேலு அந்த மண்ணோடு ஒட்டியவனாகத் தெரிந்தான். அப்புறம் அவனுக்குப் பயிற்சி கொடுத்து, கோட்டு மாட்டி அனுப்பியதும் ஆளே காணாமல் போய்விடுகிறான். மீண்டும் அதே நடை, அதே மௌனம். உள்ளே வேலு இருக்கிறான் என்பதை நாமாகத்தான் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பாட்டிலும் இது தெரியும். 1980இல் எம்.எஸ்.வி. இசையில் 'மை நேம் இஸ் பில்லா', 'வெத்தலையப் போட்டேண்டி' இரண்டுமே உண்டு. யுவன் இரண்டையும் புதுப்பித்தார். எங்கள் வீட்டில் சித்தப்பா முணுமுணுப்பது மலேசியா வாசுதேவன் பாடிய வெத்தலை. தம்பியின் வாயில் எப்போதும் பில்லா தீம். ஒருவர் நினைவில் ராஜப்பா, இன்னொருவர் நினைவில் பில்லா.

என்னைக் கேட்டால் 1980 பக்கம்தான் நிற்பேன். சண்டைக் காட்சிகள் பழசாகிவிட்டன, சில இடங்களில் இழுவை, எல்லாம் சரிதான். ஆனால் இந்தக் கதையின் உயிர் இரட்டை வேடத்தில் இருக்கிறது. தம்பி இதை ஏற்கவில்லை. 2012இல் வந்த 'பில்லா 2'வைச் சொல்லிப் பார்த்தேன். அதில் வேலுவே கிடையாது, பில்லா எப்படி பில்லா ஆனான் என்பது மட்டும்தான் கதை. முதல் படம் பிடித்த அளவுக்கு அது ஏன் தனக்குப் பிடிக்கவில்லை என்று தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான்.

இதேபோல் திரும்ப எடுக்கப்பட்ட இன்னொரு ரஜினி படமான 'தில்லு முல்லு' விஷயத்தில் வீட்டில் சண்டையே இல்லை. 1981 படமும் இந்தி 'கோல் மால்' ரீமேக்தான். ஆனால் மீசைக்குப் பேர்போன ரஜினி மீசை இல்லாமல் வந்து நின்றதே அன்றைக்குப் பாதி சிரிப்பு. அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் சந்திரன் என்று முழுப் பெயரையும் பவ்யமாக ஒப்பிக்கும்போது எதிரே தேங்காய் சீனிவாசன் முகம் மலர்வதை இன்னொருவர் திரும்பச் செய்ய முடியாது. 2013இல் சிவாவும் பிரகாஷ்ராஜும் நடித்த புது வடிவத்துக்கு எம்.எஸ்.வி.யும் யுவனும் சேர்ந்து இசையமைத்தார்கள். என்னைப் பொறுத்தவரை அந்தச் சேர்க்கைக்காக மட்டும் அதை ஒருமுறை பார்க்கலாம்.

பில்லாவை மூன்றாவது முறை யாராவது தமிழில் எடுப்பதாக இருந்தால், அந்த போலீஸ் அதிகாரி வந்து கூப்பிடுவதற்கு முன்னால் வேலுவோடு நாம் இருக்க முழுதாக அரை மணி நேரம் வேண்டும். பத்துமலையின் 272 படிகளில் அவன் யாருக்காக ஏறுகிறான், கீழே இறங்கி வந்ததும் அவனுக்காக யார் காத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் நான் பார்க்க வேண்டும். கோட்டை அதற்கப்புறம் மாட்டட்டும்.