வாரச் சந்தா கேட்கும் 'பியானோ' விளையாட்டு: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பாட்டுக்கு ஏற்பத் திரையைத் தட்டி விளையாடும் ரிதம் கேம் ஒன்றை மொபைலில் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. விளம்பரம் பார்த்து நான் இறக்கிய ஒரு செயலி வாரா வாரம் பணத்தைப் பிடித்துக்கொண்டது. தருவதாகச் சொன்னதைத் தரவில்லை. கருப்புக் கட்டைகள் மேலிருந்து இறங்கி வரும், தட்டினால் பியானோ ஒலிக்கும் என்ற வகையைச் சேர்ந்தது அது. இந்த வகையில் ஒரே அச்சில் வார்த்த செயலிகள் ஏராளம். பெயரும் படமும்தான் வேறு.

விளம்பரத்தில் பாடகரின் குரலோடு முழுப் பாட்டு ஓடுகிறது. உள்ளே இருப்பதோ அந்த மெட்டைக் கீபோர்டில் வாசித்த ஒரு துண்டு. அது முடிந்ததும் அதே துண்டு வேகம் கூடி மறுபடியும் வருகிறது. முதல் பாட்டைத் தொடும் முன்பே சந்தாத் திரை வந்து நிற்கிறது. '3 நாள் இலவசம்' என்பது கொட்டை எழுத்தில். அதன்பின் வாரந்தோறும் கட்டணம் என்பது பொத்தானுக்குக் கீழே, பின்னணியோடு ஒட்டிப்போகும் சாம்பல் நிறத்தில். மூடுவதற்கான பெருக்கல் குறி சில விநாடிகள் கழித்துத்தான் மூலையில் மங்கலாகத் தெரிகிறது. வாரக் கட்டணம் பார்வைக்குச் சிறிய தொகைதான். ஆண்டுக்கு 52 முறை பிடிப்பார்கள்.

விளம்பரத் தொல்லை ஒழிய வேண்டும் என்றுதான் சந்தா கட்டினேன். ஒழியவில்லை. பாட்டுகளுக்கு இடையே தானாக ஓடியவை நின்றன. ஆனால் புதிய பாட்டைத் திறக்கவும், தவறவிட்ட இடத்திலிருந்து தொடரவும் 'வீடியோ பாருங்கள்' என்ற பொத்தான் அப்படியே இருந்தது. எழுதிக் கேட்டபோது, அவை 'பரிசு விளம்பரங்கள்', சந்தாவில் அடங்காது என்று பதில் வந்தது. சந்தாத் திரையில் இந்தப் பாகுபாடு எங்கும் இல்லை. அங்கே இருந்தது 'விளம்பரமே இல்லை' என்ற வாசகம். மறுபடி எழுதினேன், எழுத்து மாறாமல் அதே பதில் வந்தது.

பணத்தைவிட என்னைக் கொதிக்க வைத்தது வேறொன்று. அந்த விளையாட்டில் தாளமே இல்லை. கட்டை திரையின் உச்சியில் எட்டிப் பார்த்தவுடன் தட்டினேன்: 'பெர்ஃபெக்ட்'. கீழே மறையும் தறுவாயில் தட்டினேன்: அதற்கும் 'பெர்ஃபெக்ட்'. ஒலியை முழுவதும் அணைத்துவிட்டுக் கண்ணை மட்டும் நம்பி ஆடினேன்; மதிப்பெண் துளியும் குறையவில்லை. தட்டும்போது ஒலி பிறப்பதால் நாமே வாசிக்கிறோம் என்ற மயக்கம் உண்டாகிறது. உண்மையில் காதுக்கு அங்கே வேலையே இல்லை.

உண்மையான ரிதம் கேம் எப்படி இருக்கும் என்பதற்கு ஃபிக்ரோஸ் என்ற மொபைல் விளையாட்டு போதும். 2019-இல் வந்தது. நோட்டுகள், அதாவது பாட்டுக்கு ஏற்பத் தட்ட வேண்டிய குறிகள், வந்து சேரும் கோடே அதில் சுழலும், சாயும், இடம் மாறும். சரியான தருணத்துக்கு முன்னும் பின்னும் 80 மில்லி விநாடிக்குள் தட்டினால்தான் 'பெர்ஃபெக்ட்'. பணம் கட்ட அதில் கடையே கிடையாது, விளம்பரமும் இல்லை. 2017-இல் வந்த ஆர்க்கேயா இன்னும் கண்டிப்பானது: 50 மில்லி விநாடி தாண்டினால் அந்த நோட்டுக்கு முழு மதிப்பெண் கிடைக்காது. தரையில் வரும் நோட்டுகளைத் தட்டிக்கொண்டே, மேலே வளைந்து செல்லும் கோடுகளை விரலால் பின்தொடர வேண்டும். பாட்டுத் தொகுப்புகளை விற்கிறார்கள். ஆனால் வாங்கும் முன் எந்தப் பாட்டு, என்ன விலை என்பது கண்ணெதிரே இருக்கிறது. விலை வைப்பதை நான் குறை சொல்லவில்லை. இசையமைப்பவருக்கும் நோட்டுகளை அடுக்குபவருக்கும் பணம் போய்ச் சேர வேண்டும்தானே!

எந்தச் செயலியை இறக்கினாலும் முதலில் அமைப்புகளுக்குள் போய் 'ஆஃப்செட்' இருக்கிறதா என்று பாருங்கள். காதில் விழும் ஒலிக்கும் திரையில் வரும் நோட்டுக்கும் இடையே உள்ள தாமதத்தைச் சரிசெய்யும் வசதி அது. ப்ளூடூத் இயர்போனில் ஒலி 100, 200 மில்லி விநாடி பிந்தி வருவது சாதாரணம். மேலே சொன்ன 80, 50 என்ற எல்லைகளோடு ஒப்பிட்டால், அந்தத் தாமதத்தோடு ஒரு பாட்டைக்கூட ஒழுங்காக ஆட முடியாது என்பது புரியும். அதனால்தான் அக்கறையோடு செய்தவர்கள் ஆஃப்செட்டை முன்னால் வைக்கிறார்கள், கம்பி இயர்போனைப் பரிந்துரைக்கிறார்கள். என்னை ஏமாற்றிய செயலியில் அந்த வசதி இல்லை. தருணத்தையே அளக்காத விளையாட்டுக்கு அது எதற்கு?

குலுக்கல் முறையில் கதாபாத்திரங்களின் கார்டுகளை விற்கும் ரிதம் கேம்கள் தனி ரகம். ப்ரொஜெக்ட் செகாய் போன்றவற்றில் தாளம் உண்மையானது, நோட்டுகளும் அருமை. கார்டு மதிப்பெண்ணைக் கூட்டும். உங்கள் விரலைத் திருத்தாது. இவை நிறுவனத்தின் சர்வரை நம்பி நிற்பவை, அதை நிறுத்தினால் விளையாட்டும் நின்றுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். 2013-இல் தொடங்கிய லவ் லைவ் ஸ்கூல் ஐடல் ஃபெஸ்டிவல் 2023 மார்ச் 31-இல் நிறுத்தப்பட்டது. பணம் கொடுத்துச் சேர்த்த கார்டுகளைக் கொண்டு அதில் இனி ஆட முடியாது.

ஏற்கெனவே இப்படிச் சிக்கியவர்களுக்கு: செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் 'கட்டணங்கள் மற்றும் சந்தாக்கள்' பகுதிக்குப் போய் ரத்துசெய்ய வேண்டும். ஐபோனில் அமைப்புகளில் உங்கள் பெயரைத் தட்டினால் சந்தாக்கள் வரும். ஐபோனில் இலவசக் காலம் முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்துவிடுங்கள். ப்ளே ஸ்டோரில் பணம் பிடித்த 48 மணி நேரத்துக்குள் திருப்பிக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதன்பின் செயலி நடத்துபவரிடமே கேட்கச் சொல்வார்கள். சந்தாத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்து அனுப்புங்கள். கடைசியாகப் பிடித்த தொகை மட்டும் எனக்குத் திரும்பி வந்தது. முந்தைய வாரங்களுக்கானதைச் செயலிக்காரர்கள் தர மறுத்துவிட்டார்கள்.