டொயோட்டா 86க்கு 87டபிள்யூ, 91டபிள்யூ ரெண்டும் போட்டு ஓட்டின அனுபவம்

டயர் மாத்தணும்னு வந்தா 215/45 ஆர்17ங்கிற சைஸ் வரைக்கும் எல்லாருமே கரெக்டா பாத்துடுறோம், அதுக்குப் பக்கத்துலயே இருக்கிற 87டபிள்யூவ (87 எவ்ளோ எடை தாங்கும்ங்கிறதுக்கான நம்பர், டபிள்யூ எவ்ளோ வேகம் தாங்கும்ங்கிறதுக்கான எழுத்து) பெருசா கண்டுக்கிறதில்ல. கேட்டா "91 இருக்கு, அது இன்னும் ஸ்ட்ராங், அதையே போட்டுக்கோங்க"ன்னு பதில் வரும். நான் டொயோட்டா 86 வச்சிருக்கேன், அதுல 87டபிள்யூவும் ஓட்டி தேய்ச்சிருக்கேன், அதே சைஸ்ல எக்ஸ்எல்னு (எக்ஸ்ட்ரா லோடு, அதிக எடைக்காக கெட்டியா செஞ்ச டயர்) போட்ட 91டபிள்யூவும் ஓட்டி தேய்ச்சிருக்கேன், ரோட்லயும் சரி ட்ராக்லயும் சரி. பெரிய நம்பர்னா நல்ல டயர்ங்கிறது லைட்டான ஸ்போர்ட்ஸ் காருக்குப் பொருந்தவே பொருந்தாதுங்கிறது என் முடிவு, ஏன்னு சொல்றேன்.

முதல்ல லோடு. 87ன்னா ஒரு டயர் 545 கிலோ தாங்கும், 91ன்னா 615 கிலோ. கேக்க 70 கிலோ லாபம் மாதிரி இருக்கும், ஆனா அந்த எடை எந்த பிரஷர்லங்கிறதுதான் முக்கியம். சாதாரண டயருக்கு ஐரோப்பிய கணக்குல முழு லோடு கிடைக்கிறது 2.5 பார்ல, அதாவது 36 பிஎஸ்ஐ. எக்ஸ்எல் டயருக்கு 2.9 பார், 42 பிஎஸ்ஐ. என் கார் கதவு பில்லர்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல நாலு டயருக்கும் 35 பிஎஸ்ஐ. அந்த 35ல கணக்கு போட்டுப் பாத்தா 87ம் சரி எக்ஸ்எல் 91ம் சரி ரெண்டுமே 530 கிலோ பக்கம்தான் தாங்குது. எடை தாங்குறது காத்து, டயர் அந்த காத்த பிடிச்சு வைக்கிற பைதான், பை கெட்டியா இருந்தா அதிக காத்து அடிக்கலாம், அவ்ளோதான் எக்ஸ்எல். காத்தே ஏத்தாம வெறும் நம்பருக்காக எக்ஸ்எல் வாங்குறவங்களுக்கு லோடுல ஒண்ணும் கூடுதலா கிடைக்காது, இத டயர் வாங்குற ஒவ்வொருத்தருக்கும் யாராவது சொல்லியே ஆகணும்.

சரி ஓட்டும்போது என்ன வித்தியாசம்? எக்ஸ்எல்ல சைடுவால் (டயரோட பக்கச் சுவர்) விறைப்பா இருக்கு, ஸ்டீயரிங் திருப்பின உடனே மூக்கு உள்ள வருது, வழவழன்னு இருக்கிற ட்ராக்ல அது உண்மையிலேயே சந்தோஷமா இருக்கும். ஆனா 1250 கிலோ பக்கம் வெயிட் இருக்கிற காருக்கு அந்த விறைப்பு அதிகம்தான். மேடு பள்ளமான கார்னர்ல பின்பக்கம் ரோட்ட பிடிக்காம சின்னச் சின்னதா துள்ளுது, மழை ஈரத்துல அந்தத் துள்ளல் இன்னும் நல்லாவே தெரியுது. 87ல அதே கார்னர்ல டயர் கொஞ்சம் மடங்கிக் குடுத்து பிடிச்சுக்குது, எப்ப வழுக்கப் போகுதுங்கிறதும் முன்னாடியே கைக்குத் தெரிஞ்சிடும். ரோட்ல தினமும் ஓட்ட எனக்கு 87தான்.

பிரஷர் சரியா இருக்கான்னு பாக்க நான் இப்பவும் சாக்பீஸ்தான் யூஸ் பண்றேன். பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் டயர்ல ஷோல்டர்ல, அதாவது ரோட்ல படுற ட்ரெட்டும் சைடுவாலும் சேர்ற ஓரத்துல, ஒரு சின்ன முக்கோண மார்க் இருக்கும். ட்ரெட் ஓரத்துல இருந்து சைடுவால் வரைக்கும் அதுக்கு நேரா ஒரு கோடு போட்டுட்டு, வேகமா ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து எறங்கிப் பாருங்க. முக்கோணத்தத் தாண்டி சாக்பீஸ் அழிஞ்சிருந்தா டயர் ரொம்ப உருளுது, காத்து பத்தல. முக்கோணத்துக்கு ரொம்ப முன்னாடியே நின்னுட்டா காத்து அதிகம், ஷோல்டர் வேலையே செய்யல. என் 87ல ட்ராக்ல 32ல ஆரம்பிச்சப்ப முன் டயர்ல கோடு முக்கோணத்தத் தாண்டி அழிஞ்சிருந்துச்சு, 35 வச்சதும் முக்கோணத்து நுனியிலயே நின்னுச்சு. எக்ஸ்எல் 91ல அதே 32ல மார்க்கிட்டயே வரல, ஆனா அத நம்பி காத்தக் குறைச்சுடாதீங்க, சைடுவால் விறைப்பா இருக்கிறதால உருளல, லோடு தாங்குற அளவு அங்க கம்மியாத்தான் இருக்கு. பிரஷர் எப்பவும் டயர் ஆறின நிலையில பாருங்க, நல்லா ஓட்டி சூடானதும் 5, 6 பிஎஸ்ஐ ஏறிடும்.

அடுத்து ஸ்பீட் ரேட்டிங். மணிக்கு எச் 210, வி 240, டபிள்யூ 270, ஒய் 300 கிலோமீட்டர். ஒய்யையும் லோடு நம்பரையும் சேத்து பிராக்கெட்ல போட்டிருந்தா 300க்கு மேலயும் தாங்கும்னு அர்த்தம். "நான் எங்க 240 போகப் போறேன், வி போதுமே"ன்னு நெறைய பேர் கேக்குறாங்க. இங்கயும் லோடுதான் விஷயம். வி டயர் முழு எடையத் தாங்குறது 210 வரைக்கும்தான், 240ல 91 சதவீதம்தான் தாங்கும். டபிள்யூ 240 வரைக்கும் முழுசா தாங்கும், 270ல 85 சதவீதம். என் காரோட டாப் ஸ்பீட் 226 பக்கம், அதாவது வி போட்டா கடைசி 16 கிலோமீட்டர்ல லோடு குறைஞ்சுக்கிட்டே வருது, டபிள்யூன்னா அந்தப் பிரச்சனையே இல்ல. அதுவும் இல்லாம ஸ்பீட் ரேட்டிங்ங்கிறது சூட்டத் தாங்குற சக்தி. ஸ்டீல் பெல்ட்டுக்கு மேல சுத்துற நைலான் பட்டை, வேகத்துல ட்ரெட் வெளிய தள்ளாம இறுக்கிப் பிடிக்கிறது அதுதான். ட்ராக்ல 160லயே கார்னர் கார்னரா போட்டு இழுக்கும்போது ஏறுற சூடு நேர் ரோட்ல போற சூடு மாதிரி கிடையாது, அதுக்குத்தான் எனக்கு அந்த மார்ஜின் வேணும். ஒரு தடவை ஸ்டாக் இல்லன்னு எச் ரேட்டிங் டயர் மாட்டி விடப் பாத்தாங்க, லோடு நம்பர் சரியாவே இருந்தும் வேணாம்னு காத்திருந்து டபிள்யூவே வாங்கினேன்.

இன்னொண்ணு, முன்னாடி பின்னாடி வேற வேற சைஸ் இருக்கிற காருக்கு ரெண்டு ஆக்ஸிலையும் தனித்தனியா பாக்கணும். போர்ஷே 911 கரேரா எஸ்ல ஆரம்பத்துல வந்த 991 மாடலுக்கு முன்னாடி 91ஒய், பின்னாடி 101ஒய், அதாவது 615 கிலோவும் 825 கிலோவும், இன்ஜின் பின்னாடி இருக்குல்ல. அந்த மாதிரி காருக்கு ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் சொல்லியிருக்கிற லோடு நம்பர் கட்டாயம், அங்க போய் "லைட்டான டயர் நல்லாருக்கும்"னு எறங்கி வாங்கினா ஆபத்து. ஒரே ஆக்ஸில்ல ரெண்டு வேற ரேட்டிங் போடவே கூடாது, முன்னும் பின்னும் வேற ரேட்டிங்னா கம்மியா இருக்கிற டயரோட ஸ்பீடுதான் மொத்த காருக்கும் லிமிட்.

பஞ்சர் ஒட்டின டயர் பத்தியும் சொல்லிடுறேன். சைடுவால்ல இருக்கிற எழுத்து நல்ல நிலையில இருக்கிற, சரியா காத்து அடிச்ச டயருக்கு மட்டும்தான். ஒட்டின டயர ரோட்ல நிதானமா ஓட்டுறேன், ட்ராக்குக்கு கொண்டு போறதில்ல.

அடுத்த செட்டுக்கு 87டபிள்யூ இல்ல 87ஒய் தேடிட்டு இருக்கேன். இந்த சைஸ்ல இப்ப வர்ற ஸ்போர்ட்ஸ் டயர் நெறைய எக்ஸ்எல்லாவே வருது, கடைசில அதான் கிடைச்சா ட்ராக்குக்கு 37 வச்சு சாக்பீஸ் போட்டுப் பாத்து அங்கிருந்து செட் பண்ணுவேன், ரோட்டுக்கு ஸ்டிக்கர்ல இருக்கிற 35லயே விட்டுடுவேன்.