சேலத்தில் பழைய நகரப் படங்களின் திரையிடல்

மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவு வளைவு இன்றும் நிற்கும் ஏற்காடு சாலைக்கு அருகே, ஞாயிறு மாலைகளில் பழைய நகரக் காட்சிகளைத் திரையிடும் இந்தச் சிறிய அரங்கு, சினிமாவை நேசிக்கும் சேலத்துக்காரர்கள் அவசியம் போக வேண்டிய இடம்.

1906 ஏப்ரலில், பெரும் நிலநடுக்கத்துக்குச் சில நாள்களே இருந்தபோது, சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில் கேபிள் டிராமின் முகப்பில் கேமராவைப் பொருத்தி எடுத்த படம்தான் நிகழ்ச்சியின் உயிர். குதிரை வண்டிகளும் மோட்டார் கார்களும் பாதசாரிகளும் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் தண்டவாளத்தைக் கடக்க, ஒரே கார் திரும்பத் திரும்பக் குறுக்கே வருவதையும் கூர்ந்து பார்ப்பவர்கள் கண்டுகொள்ளலாம். தெருவுக்கடியில் இடைவிடாமல் ஓடும் கம்பிவடத்தைப் பற்றிக்கொண்டு அந்த வண்டி நகர்ந்ததையும், சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடியவை மின்சார டிராம்கள் என்பதையும் நடத்துபவர் அழகாக விளக்கினார்.

கேமராவின் கைப்பிடியைக் கையால் சுழற்றி எடுத்த படத்தை விரைவுபடுத்தாமல், மனிதர்கள் இயல்பாக நடக்கும் வேகத்தில் காட்டியது பெரிதும் பாராட்டத்தக்கது. ஆனால் மௌனப் படத்துக்கு உரத்த பின்னணி இசையும், ஊகத்தில் பூசிய வண்ணங்களும் தேவையில்லை. கறுப்பு வெள்ளையிலேயே காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். இருக்கைகள் வசதியானவை. கடைப் பெயர்ப்பலகைகளைப் படிக்க விரும்புவோர் முன்வரிசையில் அமர்வது நல்லது.